75-லிருந்து 5: ஜெர்மன் ஜனநாயகக் கட்சி

முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் வைமார் குடியரசு ஏன் விழுந்தது என்ற பேச்சு வந்தால் ஹிட்லர், பணவீக்கம், வேலையின்மை என்று நிறுத்திவிடுகிறோம். அதன் அரசியல் சட்டத்துக்கு முதல் வரைவு எழுதிய ஹூகோ ப்ரொய்ஸின் கட்சி என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு.

அவருடைய ஜெர்மன் ஜனநாயகக் கட்சி 1918 நவம்பரில் தொடங்கியது. சொத்துரிமையும் வேண்டும், தொழிலாளியின் உரிமையும் வேண்டும் என்ற சமூகத் தாராளவாதம் அதன் கொள்கை. 1919 ஜனவரியில் 18.5 சதவீத வாக்கு, 75 இடங்கள். 1920 ஜூனில் 8.3 சதவீதம், 39 இடங்கள். பணவீக்கம் உச்சிக்குப் போனது 1923-ல். இந்தச் சரிவு அதற்கும் முன்னால். 1919-ல் விழுந்தவற்றில் கணிசமானவை சோஷலிஸ்டுகள் தனிப் பெரும்பான்மை பெற்றுவிடக்கூடாதே என்று நடுத்தர வர்க்கம் அச்சத்தில் போட்ட வாக்குகள். அச்சம் தணிந்ததும் அவை ஸ்ட்ரெஸமான் தலைமையிலான, சற்று வலதுசாரியான மக்கள் கட்சிப் பக்கம் சாய்ந்தன.

தேர்தல் தோல்வியை மன்னிக்கலாம். 1930 ஜூலையில் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. யூதர்களை உறுப்பினராகச் சேர்க்காத 'இளம் ஜெர்மானியர் அமைப்பின்' அரசியல் பிரிவோடு கைகோத்து 'அரசுக் கட்சி' ஆனார்கள். யூத வாக்காளர்கள் நம்பியிருந்த கட்சி அது! லூட்விக் க்விடே போன்ற சமாதானவாதிகள் வெளியேறினார்கள். செப்டம்பரில் கிடைத்தது 20 இடங்கள். அக்டோபரிலேயே அந்த அமைப்பினர் 6 பேரோடு பிரிந்து போனார்கள். கொள்கையும் போயிற்று, கூட்டாளியும் போனான்.

வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறைதான் சிறு கட்சிகளை வளர்த்துவிட்டது என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 60,000 வாக்குக்கு ஓர் இடம். மிச்ச வாக்குகளை அடுத்த கட்டத்தில் கூட்டுவார்கள். ஆனால் தொகுதிகளில் போதிய வாக்கு திரளாத கட்சிக்கு அந்த மிச்சம் வீண். 1932 நவம்பரில் அரசுக் கட்சி ஏறத்தாழ 3,36,000 வாக்கு வாங்கியும் 2 இடங்கள்தான். 1933 மார்ச்சில் வாக்கு 3,34,000-க்குக் குறைந்தது, இடங்களோ 5. சமூக ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் பட்டியலோடு தங்கள் பட்டியலை இணைத்துக்கொண்டதால் மிச்சம் வீணாகவில்லை.

அப்படி வந்த ஐவரும் மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்ற ஹிட்லருக்கு அதிகாரம் வழங்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரான தியோடர் ஹொய்ஸ் அவர்களில் ஒருவர். ஐவரின் உட்கூட்டத்தில் அவர் உடன்படவில்லை. அவையில் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட்டார். பட்டியல் தந்து தூக்கிவிட்ட சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் அதே அவையில் எதிர்த்து வாக்களித்தார்கள். ஜூன் 28-ல் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலையில் ஐவரின் பதவியும் பறிபோனது. சொன்ன காரணம், சமூக ஜனநாயகக் கட்சியின் பட்டியல் வழியாக வந்தவர்கள் என்பதுதான்.