போச்சு!

தப்பு நடந்ததும் நாம் முதலில் நாக்கைக் கடிக்கிறோம். அப்புறம் கை தானாகத் தலைக்குப் போய் ஒரு குட்டு வைக்கிறது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் வைத்த குட்டுதான். அவர் ரிட்டயர் ஆன பிறகும் அவர் வேலையை நாமே பார்க்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் இம்ப்ரவ் பயிற்சி வைத்தார்கள். எழுதிய வசனம் இல்லாமல், அந்த நேரத்தில் தோன்றுவதை வைத்தே நடிக்கும் நாடக முறை அது. எனக்கும் நடிப்புக்கும் ஏழாம் பொருத்தம். மதியம் பிரியாணி என்றார்கள், போனேன்.

முதல் விளையாட்டில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி எண்ண வேண்டும். மூன்று முடிந்தால் மறுபடி ஒன்று. அடுத்த சுற்றில் ‘ஒன்று’க்குப் பதில் கைதட்டல். அப்புறம் ‘இரண்டு’க்குச் சொடக்கு, ‘மூன்று’க்கு ஒரு குதி. யார் தவறினாலும் இருவரும் கைகளைத் தூக்கி “போச்சு!” என்று கத்திவிட்டு உடனே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்.கே.ஜி. சமாச்சாரம் மாதிரி இருக்கிறதல்லவா? ஐந்து நிமிடத்தில் இருபது தடவையாவது தவறியிருப்பேன். என் தப்புகள் ஜோடி ஜோடியாக வந்தன. முதல் தப்புக்கு “சாரி, சாரி” என்று நெளிந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது விழுந்துவிடும். கையைத் தூக்கிக் கத்திய தடவைகளில் அந்த இரண்டாவது பெரும்பாலும் வரவில்லை.

அப்போதுதான் பழைய ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. நிஜமாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸில், சோதனைக்கு வைத்த டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்து ஒரு டேபிளை, அதாவது ஒரு தகவல் பட்டியலையே, அழித்துவிட்டேன். உடனே சொல்லியிருந்தால் பேக்கப்பிலிருந்து எடுக்க அரைமணி நேரம். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நாற்பது நிமிடம் நோண்டியதில் இன்னொரு டேபிளும் காலி. ஏழு பேர் விடியும்வரை உட்கார்ந்தார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது என் இரண்டாவது தப்புதான்.

அதனால், ‘தப்பு செய்யலாம், பரவாயில்லை’ என்று இந்த விளையாட்டு சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. தப்பைச் சீக்கிரம், சத்தமாகச் சொல்லத்தான் அது உடம்பைப் பழக்குகிறது.

இந்த விளையாட்டுகளுக்கு நல்ல பூர்வீகம் உண்டு. சிகாகோவில் குடியேறிகளின் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த வயோலா ஸ்போலின் உருவாக்கிய பயிற்சிகள்தான் இன்றைய இம்ப்ரவுக்கு அடிப்படை. 1959இல் அங்கே தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ இம்ப்ரவ் நாடகக் குழுவை நிறுவியவர்களில் ஒருவர் அவருடைய மகன் பால் சில்ஸ். திட்டு மட்டுமல்ல, பாராட்டுக்கு ஏங்குவதும் ஆளை முடக்கும் என்பது ஸ்போலினின் கட்சி. எனக்கு அதைவிடப் பிடித்தது கீத் ஜான்ஸ்டன் செய்த காரியம். லண்டனிலும் பிறகு கனடாவின் கால்கரியிலும் இம்ப்ரவ் கற்றுக்கொடுத்தவர். புது மாணவர்கள் வந்தால் தரையில் உட்கார்ந்துகொள்வாராம். நீங்கள் சொதப்பினால் பழி என்னுடையது, சொல்லிக்கொடுப்பவன் நான்தானே என்பாராம்.

எங்கள் பயிற்சியில் மேனேஜர் கதவோரம் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். விளையாட வரவில்லை. அடுத்த வாரம் ‘தோல்வியைக் கொண்டாடுவோம்’ என்று சுவரில் போஸ்டர். அதற்கடுத்த மாதம் அப்ரைசலில், யார் யார் எத்தனை தப்பு செய்தார்கள் என்ற கணக்கு! மேலே இருப்பவர் ஒருமுறையாவது எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிக் கத்தாவிட்டால் இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த காசு வீண். பிரியாணி மட்டும்தான் மிச்சம்.

நான் இப்போது சின்ன டீம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக யார் சேர்ந்தாலும் அந்த இரண்டு டேபிள் கதையை முதல் நாளே சொல்லிவிடுவேன், எண் விளையாட்டையும் ஒரு சுற்று ஆடுவோம். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, சேர்ந்து நான்கே மாதமான தம்பியிடமிருந்து மெசேஜ்: “அண்ணா, போச்சு!” எது எப்போது நடந்தது என்று சிஸ்டம் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தேன். தப்பு நடந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

“கையைத் தூக்கினியா?” என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை இழுத்தேன்.