அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு மாதமும் நடுப்பகுதி நெருங்கிவிட்டால் கிரீன் கார்டுக்கு, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாக வாழும் அனுமதிக்கு, வரிசையில் நிற்கும் எங்கள் வாட்ஸாப் குழுவில் வேறு பேச்சு இருக்காது. அமெரிக்க வெளியுறவுத் துறை அடுத்த மாதத்துக்கான விசா புல்லட்டினை, அதாவது எந்தத் தேதி வரை வரிசையில் சேர்ந்தவர்களின் முறை வந்திருக்கிறது என்ற அறிவிப்பை, வெளியிட்ட சில நிமிடங்களில், இந்தியா என்ற பத்தியில் முதுநிலைப் பட்டம் போன்ற தகுதி கேட்கும் வேலைகளுக்கான ஈபி-2 பிரிவுக்கு எதிரே உள்ள தேதியைச் சிவப்பு வட்டமிட்டு யாராவது படம் போட்டுவிடுவார்கள். உடனே கணக்கு தொடங்கும். சென்ற மாதத் தேதியை இந்த மாதத் தேதியிலிருந்து கழித்து, இந்த வேகத்தில் போனால் தன் பிரையாரிட்டி டேட்டுக்கு (தான் வரிசையில் சேர்ந்த தேதிக்கு) இன்னும் எத்தனை மாதம் என்று வகுத்து, விடையைக் குழுவில் எழுதுவார்கள். தேதி நகர்ந்திருந்தால் வாழ்த்துகள் குவியும். நகராவிட்டால் அன்று மாலை குழு அமைதியாகிவிடும். கும்பகோணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியும் "தேதி நகர்ந்துச்சாப்பா?" என்பதுதான்.

இந்தக் கழித்தல் கணக்கை நானும் பத்து ஆண்டுகள் போட்டிருக்கிறேன். அது தவறான கணக்கு என்று இன்று உறுதியாக நம்புகிறேன். புதிதாக வரிசையில் சேர்ந்துள்ள இளைஞர்கள் அந்தக் கணக்கை நம்பி வீடு வாங்குவதையும், நல்ல வேலையை மறுப்பதையும், மனைவியின் படிப்பைத் தள்ளிப்போடுவதையும் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புல்லட்டினில் உள்ள தேதி காத்திருப்பின் நீளத்தைச் சொல்வதில்லை. அந்த மாதத்தில் எத்தனை பேருக்கு விசா எண் ஒதுக்கலாம் என்று மதிப்பிட்டு, அதற்கேற்ற அளவு மட்டும் மதகைத் தூக்குகிறார்கள். அந்தத் தூக்கலின் அளவுதான் தேதியாக அச்சாகிறது. எங்கள் ஊர் ஏரியில் மதகு எத்தனை அடி தூக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, கடைமடை வயலுக்குத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏரியில் எவ்வளவு இருக்கிறது, இடையில் எத்தனை வயல்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். இங்கேயும் அந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

ஏரியின் அளவை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுக்குக் குறைந்தது 1,40,000 குடியேற்ற விசாக்கள். அதில் ஈபி-2 பிரிவுக்கு 28.6 விழுக்காடு, அதாவது 40,040. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. அந்த அளவுகோலை ஈபி-2 பிரிவுக்குப் பொருத்தினால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800 தேறும். இந்த எண்ணிக்கையில் விண்ணப்பதாரர் மட்டுமல்ல, அவருடைய மனைவியும் குழந்தைகளும் தனித்தனியே ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் நான்கு எண்கள். ஆகவே 2,800 எண்கள் என்பது ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்கள்கூட ஆகாமல் போகலாம்.

இடையில் உள்ள வயல்களின் கதை இன்னும் சிக்கலானது. ஒரு மாதத் தேதிக்குள் எத்தனை குடும்பங்கள் அடங்கியிருக்கின்றன என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பொருளாதாரம் சரிந்த 2009-ஐச் சுற்றி நிறுவனங்கள் குறைவாகவே விண்ணப்பித்தன. அங்கே தேதி எளிதாகத் தாண்டும். பணி வாய்ப்புகள் பெருகிய பிந்தைய ஆண்டுகளில் ஒரே மாதத்துக்குள் கூட்டம் நெருங்கி நிற்கிறது. போதாததற்கு, ஈபி-2-க்கு அடுத்த படியான ஈபி-3 பிரிவில் பழைய தேதி வைத்திருப்பவர் புதிய வேலையில் ஈபி-2 விண்ணப்பம் போட்டால் அந்தப் பழைய தேதியோடு வந்து நமக்கு முன்னால் நின்றுவிடுவார். ஈபி-2 தேதி பின்தங்கும் காலங்களில் இதே ஓட்டம் மறுதிசையிலும் நடக்கும். ஆகவே தேதி மூன்று வாரம் நகர்ந்தது என்றால் மூன்று வாரக் கூட்டம் கரைந்தது என்று பொருள் இல்லை.

மாதத்துக்கு மாதம் ஏன் இத்தனை மேடு பள்ளம் என்பதற்கும் காரணம் உண்டு. அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கி செப்டம்பர் 30 அன்று முடிகிறது. முதல் மூன்று காலாண்டுகளில் எதிலும் ஆண்டு எண்ணிக்கையில் 27 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். தொடக்க மாதங்களில் அதிகாரிகள் கையை இறுக்கி வைப்பார்கள். மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் எண்கள் மிஞ்சும் என்று தெரிந்தால், பிரையாரிட்டி டேட் மிகப் பழையதாக உள்ளவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் நமக்கு, அவற்றைத் திருப்பிவிடலாம். அப்போது தேதி பாயும். கேட்பு எதிர்பார்த்ததைவிடக் கூடினால் தேதியைப் பின்னுக்கு இழுப்பார்கள். அதைத்தான் ரெட்ரோகிரஷன் என்கிறோம். 2023 ஜூலையில் இந்தியாவுக்கு 2022 பிப்ரவரி 1 என்று நின்ற, ஈபி-2-க்கு மேற்படியான ஈபி-1 பிரிவின் தேதி, ஆகஸ்டில் 2012 ஜனவரி 1-க்குப் போனது. ஒரே மாதத்தில் பத்து ஆண்டுகள். அன்று குழுவில் கலங்கிப்போனவர்கள் பலர். ஆனால் அவர்களுக்கு முன்னால் பத்து ஆண்டுக் கூட்டம் திடீரென்று முளைத்துவிடவில்லை. அந்த ஆண்டுக்கான எண்கள் தீரப்போகின்றன என்பதால் மதகை இறக்கினார்கள், அவ்வளவுதான். அக்டோபரில் அது 2017 ஜனவரி 1-க்குத் திரும்பியது.

மதகு அறிவிப்பை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு மூத்தவர்கள் 2007-ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு ஜூலை புல்லட்டினில் ஏறக்குறைய எல்லா வேலைவாய்ப்புப் பிரிவுகளும் கரண்ட், அதாவது தேதி பாராமல் யாரும் விண்ணப்பிக்கலாம், என்று வந்தன. ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைத்து, மருத்துவப் பரிசோதனையை முடித்து, ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பக் கட்டுகளுடன் காத்திருந்தபோது, ஜூலை 2 அன்று எண்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று அறிவித்தார்கள். இந்தியர்கள் கூச்சலிடவில்லை, குடியேற்ற முகமையின் இயக்குநருக்குப் பூங்கொத்துகளை அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயமடைந்த வீரர்கள் இருந்த வால்ட்டர் ரீட் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17 அன்று முடிவு மாற்றப்பட்டு, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. காந்தி பிறந்த மண்ணின் மக்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் அப்போது விண்ணப்பித்தவர்களில் பலர் கார்டு கைக்கு வரப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு முதலில் பெர்ம் என்ற தொழிலாளர் சான்றிதழ் விண்ணப்பம் போட வேண்டும். அது தொழிலாளர் துறைக்குப் போய்ச் சேரும் நாளே பிரையாரிட்டி டேட். 2014-இல் நானும் என் நண்பரும் ஒரே நிறுவனத்தில் ஒரே குழுவில் இருந்தோம். அவருடைய விண்ணப்பம் 2014 அக்டோபரில் போனது. என் வேலைக்கான ஆள்தேர்வு விளம்பரத்தை நிறுவனம் மூன்று மாதம் தள்ளிப்போட்டதால் என்னுடையது 2015 பிப்ரவரி 18 அன்று போனது. அன்று நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை; மூன்று மாதம்தானே என்று இருந்துவிட்டேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் தூதரகங்கள் மூடப்பட்டதால் குடும்ப வழி விசாக்கள் ஏராளமாக மிஞ்சின. அவை சட்டப்படி அடுத்த ஆண்டு வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. 1,40,000 இருக்க வேண்டிய இடத்தில் 2021 நிதியாண்டில் 2,62,288, அடுத்த ஆண்டில் 2,81,507. இதில் முதல் ஆண்டில் 60,000-க்கும் மேற்பட்ட எண்கள் உரிய காலத்துக்குள் யாருக்கும் வழங்கப்படாமல் வீணாயின என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பொறுக்கவில்லை. எதிர்பார்த்தது போலவே தேதிகள் பாய்ந்தன. 2020 அக்டோபரில் ஈபி-3 பிரிவின் ஃபைலிங் டேட் (கார்டுக்கான கடைசி விண்ணப்பத்தைப் போட அனுமதிக்கும் தேதி) 2015 ஜனவரி 1-க்கு வந்தது. எனக்கு 48 நாள் குறைவு. 2022 ஜூலையில் ஈபி-2 பிரிவில் கார்டே வழங்கத்தக்க ஃபைனல் ஆக்‌ஷன் டேட் 2014 டிசம்பர் 1-க்கு வந்தது. எனக்கு இரண்டு மாதம் 17 நாள் குறைவு. அந்தக் கோடையில் மருத்துவப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் நேரம்கூட வாங்கி வைத்திருந்தேன். எங்கள் நால்வரின் சான்றிதழ்களும் நீல நிற நெகிழிக் கோப்பில், மொழிபெயர்ப்பும் நோட்டரி முத்திரையும் இணைத்துத் தயாராக இருந்தன. முந்தைய மாதங்களின் வேகத்தைப் பார்த்தால் ஆகஸ்டில் நிச்சயம் என்று குழுவில் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தேதி அசையவில்லை. அக்டோபரில் 2012 ஏப்ரல் 1-க்குப் பின்வாங்கியது.

நண்பர் ஜூலையிலேயே கார்டுக்கான அந்தக் கடைசி விண்ணப்பமான ஐ-485-ஐப் போட்டிருந்தார். அவருக்கும் இன்றுவரை கார்டு வரவில்லை. ஆனால் ஈஏடி என்ற வேலை அனுமதி கையில் இருக்கிறது. அவர் மனைவி வேலைக்குப் போகிறார். பிள்ளைகளின் வயதும் அன்றோடு பூட்டப்பட்டுவிட்டது. ஒரு விளம்பரம் மூன்று மாதம் தள்ளிப்போனதால் இரண்டு குடும்பங்களின் வாழ்க்கை இவ்வளவு விலகிப்போயிற்று. இதில் யாருடைய திறமைக்கும் உழைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிறந்த நாடு என்ற அளவுகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியுரிமை எங்கே என்பதை இந்த அட்டவணை பார்ப்பதில்லை. சென்னையில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவரும் இந்தியப் பத்தியில்தான் நிற்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் ஒருவர் எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, அதே வேலைக்கு, அதே பிரிவில் விண்ணப்பித்து இரண்டே ஆண்டில் கார்டு பெற்றார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் விருந்து வைத்த நாளில் நான்தான் முதலில் போய் நின்றேன். வருத்தமெல்லாம் சட்டத்தின் மீதுதான். 140 கோடி மக்கள் உள்ள நாட்டுக்கும் சில இலட்சம் பேர் உள்ள நாட்டுக்கும் ஒரே 7 விழுக்காடு என்பது சமத்துவம் ஆகாது. வேலைவாய்ப்புப் பிரிவில் அந்த வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. மேலவை 2020 டிசம்பரில் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்கும் முன் அந்த நாடாளுமன்றக் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்கக் குடிமக்கள் தம் உடன்பிறந்தோரை அழைக்கும் பிரிவின் நிலை இதைவிடக் கடினம்: இந்தியப் பத்தியில் 2025 இறுதியிலும் 2006-ஆம் ஆண்டு மனுக்களே பார்க்கப்பட்டன.

சரி, மாதத் தேதியைக் கழித்துப் பார்ப்பது தவறு என்றால் எதைப் பார்ப்பது? அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடுங்கள் என்பதே என் கருத்து. கோடைப் பாய்ச்சலும் ஆண்டிறுதிச் சரிவும் அதில் ஓரளவு அடங்கிவிடும். ஈபி-2 இந்தியத் தேதி 2022 அக்டோபரில் 2012 ஏப்ரல் 1. 2023 அக்டோபரில் 2012 ஜனவரி 1. 2024 அக்டோபரில் 2012 ஜூலை 15. 2025 அக்டோபரில் 2013 ஏப்ரல் 1. மூன்று ஆண்டுகளில், 36 புல்லட்டின்களுக்குப் பிறகு, தேதி நகர்ந்தது சரியாக 12 மாதம். இடையில் எத்தனை வாழ்த்துகள், எத்தனை அழுகைகள், எத்தனை சிவப்பு வட்டங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதையும் தாண்டி ஒரு கணக்கு உண்டு. அதை ஒவ்வொரு பெற்றோரும் இன்றே போட வேண்டும். பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் நம் விண்ணப்பத்திலிருந்து வெளியே போய்விடுவார்கள். 2002-ஆம் ஆண்டின் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் இடம் தருகிறது: எண் கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து, நிறுவனம் நமக்காகப் போட்ட ஐ-140 குடியேற்ற மனு நிலுவையில் இருந்த நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். கூடுதல் கட்டணம் கட்டி இரண்டு வாரத்தில் ஒப்புதல் வாங்கியவர்களுக்குக் கழிக்க அந்த இரண்டு வாரம்தான் இருக்கும் என்பதைப் பலர் பின்னர்தான் அறிகிறார்கள். 2023 பிப்ரவரியில், இந்த வயதுக் கணக்குக்கு ஃபைலிங் டேட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்று குடியேற்ற முகமை சொன்னது. 2025 ஆகஸ்ட் 15 முதல் மறுபடி ஃபைனல் ஆக்‌ஷன் டேட்தான். புல்லட்டினில் ஓர் எழுத்தும் மாறாமலே பல பிள்ளைகளின் நிலை மாறிவிட்டது.

என் மகள் 2007 ஜூன் 11 அன்று சென்னையில் பிறந்தாள். என் ஐ-140 மனு 163 நாள் நிலுவையில் இருந்தது. அவளுக்கு 21 வயது நிறையும் நாளோடு அதைக் கூட்டினால் 2028 நவம்பர் 21 வருகிறது. அதற்குள் தேதி 2015 பிப்ரவரி 18-ஐத் தாண்டியாக வேண்டும். 2025 அக்டோபர் வரையிலான ஓர் ஆண்டின் வேகம் அப்படியே தொடர்ந்தால் சில மாத இடைவெளியில் தாண்டிவிடும்; அதுவரையிலான மூன்று ஆண்டுகளின் வேகத்தில் போனால் 2014 வசந்தத்தோடு நின்றுவிடும். இரண்டில் எதை நம்புவது என்று என்னால் சொல்ல முடியாது. 2025 இலையுதிர்காலத்தில் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். மாணவர் விசாவுக்கு மாற என்னென்ன தாள்கள் வேண்டும் என்று சென்ற வாரம் வழக்கறிஞரிடம் கேட்டு, அந்தப் பட்டியலையும் நீலக் கோப்பில் வைத்திருக்கிறோம்.