படிக்காமல் அமுக்கிய பட்டன்

"'கோர்ட்டுக்கு வரக் கூடாது' என்ற வாதத்திலிருந்து டிஸ்னிதான் பின்வாங்கிவிட்டதே, இன்னும் என்ன புலம்பல்?" என்று கேட்பவர்களுக்காகவே இது.

பின்வாங்கியது மனம் திருந்தி இல்லை, ஊர் காறித் துப்பியதால். அதுவும் இந்த ஒரு வழக்கில் மட்டும். டிஸ்னி வளாகத்து உணவகத்தில் சாப்பிட்டு, உணவு ஒவ்வாமையில் இறந்துபோன பெண்ணின் கணவர் ஃப்ளோரிடாவில் டிஸ்னி மீது வழக்குப் போடுகிறார். "2019-இல் டிஸ்னி பிளஸ் ஓடிடி-யின் சோதனைச் சந்தாவில் சேர்ந்தீர்களே, அப்போதே ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள, சம்மதித்துவிட்டீர்கள்" என்கிறார்கள் டிஸ்னியின் வக்கீல்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சாவுக்கும் சந்தாவுக்குமா?

"உணவகத்தை நடத்துவது டிஸ்னி இல்லை, அவர்கள் இடத்துக்காரர்கள்தானே?" சரி, இருக்கட்டும். அதை ஜட்ஜிடம் சொல்லட்டும். கோர்ட் வேறெதற்கு இருக்கிறது?

என் கதை சின்னது. சொந்தமாக மோடம் வாங்கிவிட்டு, இன்டர்நெட் கம்பெனியின் வாடகை மோடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ரசீது இருக்கிறது. ஆட்டோபேயில் பதினோரு மாதம் 14 டாலர் வாடகை போய்க்கொண்டே இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. தப்புதான். போனில் மூன்று பேரைத் தாண்டி, நாலாவதாக வந்த பெண் மிக மரியாதையாகச் சொன்னார்: "ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பகுதியைப் பாருங்கள் சார்." 154 டாலர் போனால் போகட்டும். கையில் ரசீதை வைத்துக்கொண்டு திருடன் மாதிரி பதில் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் ஆறவில்லை.

இதே 14 டாலர் இன்னும் எத்தனை பேரிடம் போயிருக்கும்? நாங்கள் சேர்ந்து கேட்க முடியாது, அதையும் எழுதி வாங்கிவிட்டார்கள். 'இலவச' போனுக்கு 30.22 டாலர் விற்பனை வரி வாங்கியதை எதிர்த்து ஏடி அண்ட் டி போன் கம்பெனி மீது போட்ட கூட்டு வழக்கில், 2011-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-4 என்று கம்பெனி பக்கம் நின்றது. துணைக்கு 1925-இல் போட்ட ஒரு ஆர்பிட்ரேஷன் சட்டம்! முப்பது டாலருக்குத் தனியாக யார் வக்கீல் வைப்பார்கள்? வைக்க மாட்டார்கள் என்பதுதானே கணக்கே. 2017-இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, வங்கிகளும் கார்டு கம்பெனிகளும் கூட்டு வழக்கை இப்படித் தடுக்கக் கூடாது என்று விதி போட்டது. அந்த விதியை ரத்து செய்யும் ஓட்டெடுப்பு செனட்டில் 50-50. அப்போதைய துணை அதிபர் பென்ஸ் வந்து ஓட்டுப் போட்டு அதற்கும் பால் ஊற்றினார்.

"படிக்காமல் அமுக்கியது உன் குற்றம்." படித்தால் மட்டும்? அந்த ஒரு பத்தியை அடித்துவிட்டுச் சேர விடுவார்களா?

"ஆர்பிட்ரேஷன் சீக்கிரம் முடியும், செலவு குறைவு." உண்மை, மறுக்கவில்லை. அவ்வளவு நல்லதென்றால் சண்டை வந்த பிறகு கேளுங்கள், நானே வருகிறேன். அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் வாங்கியவர்கள் தரப்பில் 75,000-க்கும் மேற்பட்ட ஆர்பிட்ரேஷன் மனுக்கள் தனித்தனியாகக் குவிந்ததும், 2021-இல் அமேசான் அந்த ஷரத்தையே தூக்கிவிட்டதே, ஏனாம்? செலவு குறைவுதானே!

"வக்கீல்கள்தான் கொழுப்பார்கள்." கொழுக்கட்டுமே. நாட்டாமைக்கு ஒரு தரப்பே படியளக்கிற கட்டப்பஞ்சாயத்துக்கு அது எவ்வளவோ மேல்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நேற்று அதே கம்பெனியிடமிருந்து மெயில்: "நிபந்தனைகளைப் புதுப்பித்திருக்கிறோம். சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் சம்மதித்ததாகப் பொருள்." எங்கள் குடியிருப்புக்கு வேறு லைன் கிடையாது. இந்தப் பதிவும் அந்த நெட்டில்தான் போகிறது.