தப்பிப் பிழைத்தவளை மறந்துவிடும் படங்கள்

ஹாலோவீன் படங்களில் முகமூடிக் கொலைகாரன் மைக்கேலிடமிருந்து தப்பிப் பிழைக்கும் நாயகி லாரி ஸ்ட்ரோடுக்கு எத்தனை பிள்ளைகள்? 1988இல் வந்த நாலாம் பாகத்தின்படி ஜேமி என்று ஒரு மகள். 1998இல் வந்த ஹெச்20 படத்தில் ஜான் என்று ஒரே மகன். 2018 படத்தில் கேரன் என்று வேறொரு மகள். மூன்றுமே அதே லாரிதான். பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்ப முடிவெடுத்ததால் வந்த வினை இது. (பதிவு முழுக்க முடிவுகளைப் பற்றிப் பேசுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

ஸ்லாஷர், அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் திகில் படங்களின் ரசிகர்கள் கூடினாலே எந்தப் பாகம் எந்த வருடத்தில் நடக்கிறது, கொலைகாரனுக்கு இப்போது என்ன வயது என்று சண்டை ஆரம்பித்துவிடும். எனக்கு அதில் பெரிய அக்கறை கிடையாது. போன பாகத்தில் செத்தவன் எப்படி வந்தான் என்ற கேள்விக்கு ஒரு மின்னல் வெட்டு போதும், நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் அவனிடமிருந்து தப்பியவர்கள் பட்ட பாடு அடுத்த படத்திலும் அவர்களோடு இருக்க வேண்டும். அது அறுந்துபோனால் அப்புறம் எத்தனை பாகம் எடுத்தாலும் அது முகமூடி வியாபாரம்தான்.

நாலாம் பாகத்தின் ஜேமியையே எடுத்துக்கொள்ளுங்கள். நடித்த டேனியல் ஹாரிஸுக்குப் படப்பிடிப்பின்போது பத்து வயது. அம்மா விபத்தில் போய்விட்டாள், வளர்ப்பு வீட்டில் இருக்கிறாள், மைக்கேல் லாரியின் அண்ணன் என்பதால் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று "உன் மாமாதான் பூச்சாண்டி" என்று கத்துகிறார்கள். அந்த முகம் அப்படியே உடைகிறது. படம் முடியும் இடத்தில் அவள் கோமாளி உடையில், கையில் கத்தரிக்கோலோடு மாடிப்படியின் மேலே நிற்கிறாள். வளர்ப்புத் தாயைக் குத்திவிட்டு வந்திருக்கிறாள். 1978இல் வந்த முதல் படம் தொடங்கியதும் இப்படித்தான்: கோமாளி உடையில் ஆறு வயது மைக்கேல். மைக்கேலுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் லூமிஸ் அவளைப் பார்த்து அலறுகிறார். ஒரு தொடர் தன் முதல் காட்சியை இவ்வளவு கச்சிதமாகத் தொட்டு நான் பார்த்தது அபூர்வம்.

அடுத்த வருடமே ஐந்தாம் பாகத்தை எடுத்தார்கள். வளர்ப்புத் தாய் பிழைத்துவிட்டாள் என்று சொல்லி அந்த முடிவின் கனத்தை இறக்கி வைத்தார்கள். ஆறாம் பாகத்தில் வேறொரு நடிகையை ஜேமியாக நடிக்க வைத்து ஆரம்பத்திலேயே கொன்றார்கள். ஹெச்20இல் அவள் பிறக்கவே இல்லை. இத்தனைக்கும் லாரி கார் விபத்தில் செத்ததாக நாலாம் பாகம் சொன்னதை எடுத்து, அது அவளே போட்ட நாடகம் என்று பயன்படுத்திக்கொண்டார்கள். விபத்து வேண்டும், பெண் குழந்தை வேண்டாம். இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஹெச்20 மோசமான படம் இல்லை. லாரி பெயரை மாற்றிக்கொண்டு, குடித்துக்கொண்டு, மகனை ஒரு நிமிடம்கூடக் கண்ணைவிட்டு விலக்க முடியாமல் வாழ்வதை, அவளாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் நம்பும்படி செய்திருப்பார். கடைசியில் கோடரியை எடுத்து அண்ணன் தலையைத் துண்டிக்கிறாள். இருபது வருடப் பயம் அந்த ஒரு வெட்டில் தீர்கிறது. 2002இல் அடுத்த பாகமான ரிசரக்‌ஷன் வந்தது. தலை போனது மைக்கேலுக்கு இல்லையாம், குரல்வளை நசுக்கப்பட்டு முகமூடி மாட்டப்பட்ட ஆம்புலன்ஸ் ஊழியருக்காம். லாரியை மனநல மருத்துவமனையில் உட்கார வைத்து, படம் சூடு பிடிப்பதற்குள் கொன்றுவிட்டார்கள். கணக்குப்படி தொடர்ச்சி சரிதான், காரணம் சொல்லிவிட்டார்கள். அவளுடைய வெற்றியை அல்லவா பிடுங்கிக்கொண்டார்கள்?

மறுபக்கம் சக்கி என்ற கொலைகாரப் பொம்மையின் படங்கள். 1988இல் வந்த முதல் படம் தொடங்கி மூல வரிசையின் ஏழு படங்களிலும் டான் மன்சினியின் எழுத்து இருக்கிறது. பொம்மைக்குக் குரல் ஏழிலும் பிராட் டூரிஃப். நடுவில் தொனி முழுக்க மாறியது. 1998இல் பிரைட் வந்தபோது பாதி நகைச்சுவை, 2004இல் சீட் வந்தபோது முழுக் கூத்து. சீட் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் நடந்த எதையும் நடக்கவில்லை என்று மன்சினி சொல்லவில்லை. முதல் படத்தில் சக்கியிடமிருந்து தப்பும் ஆறு வயது ஆண்டியாக நடித்த அலெக்ஸ் வின்சென்ட் 2013இல் வளர்ந்த ஆளாக அதே ஆண்டியாகத் திரும்பி வந்தார். 2017இல் கல்ட் படம் தொடங்கும்போது ஆண்டி ஒரு பெண்ணோடு சாப்பிட உட்கார்ந்திருப்பான். அவள் இணையத்தில் அவனைப் பற்றித் தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், பேச்சு அங்கேயே நொண்டுகிறது. வீட்டுக்குப் போனால் சிதைந்துபோன பொம்மைத் தலையை எடுத்து வைத்துக்கொண்டு அதோடு பேசுகிறான், அதை வதைக்கிறான். சிறுவயதில் நடந்தது ஒரு மனிதனை என்ன செய்யும் என்று இந்த வகைப் படங்களில் இவ்வளவு நேராகக் காட்டிய இடம் குறைவு. அந்த ஐந்து நிமிடத்துக்காக சீட்டை மன்னிக்கலாம்.

இன்னொரு முகமூடிக் கொலைகாரனான ஜேசனின் படங்களில் (ஃப்ரைடே தி தர்டீன்த் வரிசை) தகவல் தொடர்ச்சி என்று எதுவும் தேறாது. எட்டாம் பாகத்தில் மன்ஹாட்டன் சாக்கடையில் கரைந்துபோனவன் ஒன்பதாவதில் ஒரு விளக்கமும் இல்லாமல் முழுசாக நடந்து வருவான். ஐந்தாம் பாகம் முடியும்போது, சிறுவயதில் ஜேசனிடமிருந்து தப்பிய டாமி ஜார்விஸ் முகமூடி மாட்டிக் கத்தியோடு நிற்பான், ஆறாவது அதைக் கண்டுகொள்ளாது. ஆனாலும் 1986இல் வந்த அந்த ஆறாம் பாகம்தான் வரிசையிலேயே சிறந்தது என்பேன். டாமிக்குள் இருக்கும் பயம் அப்படியே இருக்கிறது. ஜேசன் செத்துவிட்டானா என்று கல்லறையைத் தோண்டிப் பார்க்காமல் அவனால் தூங்க முடியாது. அங்கே மின்னல் அடித்து ஜேசன் உயிர்த்தெழுவதே அதனால்தான்.

அப்புறம், கனவுக்குள் வந்து கொல்லும் ஃப்ரெடியை ஜேசனோடு மோதவிட்ட, 2003இல் வந்த ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன். 1993இல் வந்த ஒன்பதாம் ஜேசன் படத்தின் முடிவில் மண்ணிலிருந்து ஃப்ரெடியின் கை வந்து ஜேசனின் முகமூடியை இழுத்துக்கொண்டு போன காட்சிக்குப் பத்து வருடம் கழித்து வந்த படம். கனவை அடக்கும் ஹிப்னோசில் மாத்திரையை 1987இல் வந்த ஃப்ரெடி படமான ட்ரீம் வாரியர்ஸிலிருந்து எடுத்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஃப்ரெடியை மறக்கடிக்க அந்த மாத்திரையையும் பயன்படுத்துவது அருமையான யோசனை. ஜேசனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று காட்டியதற்கு ரசிகர்கள் இன்றும் திட்டுகிறார்கள். ஆறாம் பாகத்தில் ஏரிக்குள் இறங்கியவன், எட்டாம் பாகத்தில் தண்ணீரிலிருந்து கப்பல் ஏறியவன், அவனுக்கு என்ன பயம் என்று. நான் அந்தக் காட்சியின் பக்கம். அவன் ஏரியில் மூழ்கிய பையன். கனவுக்குள் போனால் அந்தப் பையன்தானே இருப்பான்?

அந்தப் படத்தில் என் குறை வேறு. ஓடி ஒளியும் பிள்ளைகளில் யாரும் பழைய படங்களிலிருந்து வந்தவர்கள் இல்லை. கதாநாயகி இருப்பது முதல் ஃப்ரெடி படத்தின் நாயகி நான்சியின் பழைய வீட்டில், எல்ம் தெரு 1428. வீட்டைக் கொண்டுவந்தவர்கள் டாமியைக் கொண்டுவரவில்லை. இரண்டு கொலைகாரர்களுக்கும் நினைவு இருக்கிறது, எதிரே நிற்பவர்களுக்கு இல்லை. அதனால்தான் கடைசிச் சண்டை எவ்வளவு ஆரவாரமாக இருந்தாலும் யார் பிழைத்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது.

2009க்குப் பிறகு வருடக்கணக்கில் ஜேசனுக்குப் படமே வரவில்லை. உரிமை யாருக்கு என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இடையில் 2017இல் ரசிகர்கள் சேர்ந்து எடுத்த நெவர் ஹைக் அலோன் படத்தில், ஆறாம் பாகத்தில் டாமியாக நடித்த தாம் மேத்யூஸ் மறுபடியும் டாமியாக வந்தார். ஸ்டூடியோக்காரர்களுக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் ஆறாம் பாகத்தைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள்.