முடி கொட்டினால்தான் மருந்து பலிக்கிறதா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றிவருகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்கு முன் தரும் கீமோ மருந்தில் முடி கொட்டி வாந்தி வந்தால் கட்டி கரைகிறதாம். வராவிட்டால் மருந்து பலிக்கவில்லையாம், நிறுத்திவிடலாமாம். இது தவறு, ஆபத்தும்கூட.

முடிவேர்ச் செல்கள் வேகமாகப் பெருகுவதால் மருந்து அவற்றையும் தாக்குகிறது. அதை வைத்துக் கட்டி சுருங்குவதைக் கணிக்க முடியாது. பலனை ஓரளவு முன்னுணர்த்துபவை, கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த திசுவில் காணும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஏற்பிகளின் (செல்லை வளரத் தூண்டும் சமிக்ஞைகளை ஏற்கும் புரதங்களின்) நிலையும், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 அளவும் போன்றவையே. ஹெர்2 மிகுந்த கட்டிகளும், இம்மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டிகளும் முற்றிலும் கரையும் வாய்ப்பு கூடுதல். ஹார்மோன் ஏற்பி உள்ளவை அவ்வாறு கரைவது குறைவு என்றாலும், அதனாலேயே நோயின் போக்கு மோசமென்று ஆகாது. ஏனெனில் அவற்றுக்குப் பல ஆண்டுகள் தொடரும் ஹார்மோன் சிகிச்சை காவலாக நிற்கிறது. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ முடி கொட்டாததால் கலங்கியிருக்கும் அக்காமார் அடுத்த தவணையைத் தயவுசெய்து தவறவிட வேண்டாம்.

கட்டி முழுதும் கரைந்ததா என்பது அறுவையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே உறுதியாகும். மிச்சமிருந்தாலும் வழியுண்டு: ஹெர்2 வகையில் அவ்வாறு கட்டி மிஞ்சியோருக்கு, ஹெர்2 உள்ள செல்களைக் குறிவைக்கும் டி-டிஎம்1 மருந்து, நோய் திரும்பும் அல்லது உயிரிழக்கும் அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை 2018இல் வெளியான கேத்தரின் ஆய்வு காட்டியது.