"காலாலயே தடுத்துட்டான்ணா!"

2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் 123ஆவது நிமிடத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

கத்தாரின் லுசைல் மைதானம். 3-3. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. பிரான்ஸின் கோலோ முவானி பந்தோடு தனியாக உள்ளே வருகிறார், எதிரே அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் மட்டும். இந்த மாதிரி ஒரு நொடிக்காகத்தானே நாலு வருஷம் காத்துக் கிடக்கிறோம்? அதை நான் பார்த்தேன் என்று சொல்லவே மனசு வரவில்லை. சிங்கப்பூரில் என் வாடகை அறையில், ஃபோன் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும்போதே எதிர் புளோக்கிலிருந்து "ஓ..." என்று ஒரு பெருஞ்சத்தம். கோல் விழுந்தால் வருகிற சத்தம் அது இல்லை. அடுத்து, வியாசர்பாடியில் தெருவில் திரை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியிடமிருந்து வாட்ஸாப்: "காலாலயே தடுத்துட்டான்ணா!" இவ்வளவும் ஆன பிறகுதான் என் திரையில் கோலோ முவானி ஓடி வந்தார். இடது காலை நீட்டி மார்ட்டினெஸ் தடுத்தது எனக்கு வெறும் பழைய செய்தி.

சும்மா பார்க்கவில்லை, ஐயா. ஏறத்தாழ நூறு வெள்ளி கட்டிப் பார்த்தேன். இணையமும் நன்றாகத்தான் இருந்தது. விஷயம் என்னவென்றால், செயலியில் வருகிற நேரலையைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி வெட்டி அனுப்புகிறார்கள். ஃபோன் அதில் இரண்டு மூன்று துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். டிவியில் பார்ப்பவரைவிட அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கும். கால்பந்தில் அரை நிமிடம் என்றால் என்ன தெரியுமா? அதே ஆட்டத்தில் பிரான்ஸின் எம்பாப்பே 80ஆவது நிமிடத்தில் ஒன்று, 81ஆவது நிமிடத்தில் இன்னொன்று அடித்தார். அவ்வளவு நேரத்தில் ஒரு உலகக் கோப்பையே கை மாறிவிடும். இப்படிப் பிந்தி வருவதற்கு 'லைவ்' என்று சிவப்புப் புள்ளி வைக்க எப்படி மனசு வருகிறது?

ஊரில் அந்த முறை அத்தனை ஆட்டமும் ஃபோனில் இலவசம். தமிழ் வர்ணனை வேறு. அதே செயலி என் ஃபோனிலும் இருந்தது, திறந்தால் உங்கள் நாட்டில் கிடைக்காது என்று ஒரே வரி. ஒளிபரப்பு உரிமையை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நாடு நாடாகக் கூறு போட்டு விற்கிறது, அதனால் விமானம் ஏறியவுடன் நாம் வேறு ஆளாகிவிடுகிறோம். வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டுப் பாரேன் என்கிறார்கள் நண்பர்கள். காசை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறவன் எதற்குக் கொல்லைப்புறமாக நுழைய வேண்டும்? இந்தியாவில் வருவதை எனக்கும் கொடு, காசு வாங்கிக்கொள் என்றால் கேட்க ஆளில்லை. 64 ஆட்டங்களை 2026க்கு 104 ஆக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

இரவு ஆட்டங்களின் கதை இன்னும் மோசம். கத்தாரில் இரவு 10 மணி என்றால் இங்கே விடியற்காலை 3 மணி. அர்ஜென்டினாவுக்குக் குரோஷியாவோடு அரையிறுதி, புதன்கிழமை விடியற்காலை. ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். சரி, தூங்கிவிட்டு மாலையில் மறுஒளிபரப்பு பார்க்கலாம், அதுவரை யாரோடும் பேசக் கூடாது என்று படுத்தேன். அலாரத்தை அணைக்க ஃபோனை எடுத்தால் குடும்பக் குழுவில் மாமா எழுதியிருக்கிறார்: "மாப்ள, குவார்டியோலைச் சுத்த விட்டு மெஸ்ஸி குடுத்த பாஸைப் பாத்தியா?" மாமா மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது நள்ளிரவு 12.30 மணி ஆட்டம், விழித்திருந்து பார்த்தார், சந்தோஷத்தில் எழுதினார். ஆனால் அந்தச் செயலிக்காரர்களுக்கு என்ன வந்தது? மாலையில் மறுஒளிபரப்பைத் தேடினால் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் 3-0, கூடவே மெஸ்ஸி கை தூக்கி நிற்கும் படம்! ஆட்டத்தைப் பார்க்க வந்தவனிடம் வாசலிலேயே முடிவைச் சொல்லி அனுப்புகிற கடை உலகத்தில் வேறெங்காவது உண்டா?

இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது இதையாவது ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. வாட்ஸாப் அறிவிப்பை அணைத்தேன். ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஏசி இல்லாத அறையில் ஜன்னலைச் சாத்தினால் எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இயர்ஃபோனைக் காதில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த உதையும் கோலானால் அர்ஜென்டினாவுக்குக் கோப்பை. அவர்களின் மோன்டியேல் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தார், இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

சாத்திய ஜன்னலையும் இயர்ஃபோனையும் தாண்டி எதிர் புளோக் முழுக்க அலறியது.