அரை மில்லிப் பள்ளமும் ஒரு மெரன்டிச் சட்டமும்

இந்த ரவுட்டர் பலகையைச் சமமட்டம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? டேபிள் சாவின், அதாவது மேசை ரம்பத்தின், வலது பக்கம் அதை மாட்டி, மரத்தின் ஓரத்தைச் செதுக்கும் ரவுட்டரை அடியில் தொங்கவிட்டு ஒரு மாதம் ஆகவில்லை. இரும்பு ஸ்கேலை முன் ரெயிலிலிருந்து பின் ரெயில் வரை குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிகிறது. ஒரு மில்லி தொய்வு! அதற்கு மேல், ரவுட்டரைத் தாங்கும் தகடான ரவுட்டர் பிளேட் வேறு தன் பள்ளத்தில் அரை மில்லி கீழே உட்கார்ந்திருக்கிறது. இதை வாங்கி மாட்டியவர்கள் யாரும் இதுவரை வயிறெரியாமல் இருந்திருக்க முடியாது.

சாமி அலமாரிக் கதவுக்கு மெரன்டி என்கிற மரத்தில் ஒரு சட்டம். நீளம் 900 மில்லி. ஓரத்தில் வளைவு வெட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சட்டத்தின் முனை பிளேட்டின் மேல் ஏறுகிறது. ஏறவில்லை, இறங்குகிறது, அரை மில்லி. முனை பள்ளத்தில் கிடப்பதால் ரவுட்டரின் வெட்டுக்கத்தியான பிட் முழு ஆழம் வெட்டுகிறது. இன்னும் ஒரு சாண் தள்ளினால், முனை பிளேட்டின் மறு விளிம்பில் முட்டி நிற்கிறது. நின்ற இடத்தில் பிட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மெரன்டி கருகுகிறது. கொஞ்சம் தூக்கித் தள்ளினால் விளிம்பைத் தாண்டிவிடும், ஆனால் தூக்கிய அந்த நொடியில் வெட்டு மேலே விலகுகிறது. அதன் பிறகு சட்டம் முன்னும் பின்னும் பலகையின் இரண்டு ஓரங்களில் பாலம் மாதிரிக் கிடக்கிறது. நடுப்பள்ளத்தை அது தொடுவதே இல்லை. பிட் எட்டவில்லை, வெட்டு ஆழம் குறைகிறது. கடைசி முனை வரும்போது அது மறுபடி பள்ளத்தில் விழுகிறது, மறுபடி ஆழம். ஆக, ஒரே சட்டத்தில் இரண்டு முனையும் ஆழம், நடு மேலோட்டம், ஓரிடத்தில் கருகல். கையால் அழுத்திப் பிடித்து இரண்டாம் முறை தள்ளினால் சரியாகுமா? ஆகாது. அழுத்தும்போது பலகையே கீழே வளைகிறது, கையை எடுத்தால் மேலே வருகிறது. வெட்டு அலை அலையாக வருகிறது. கடைசியில் நிலைச்சட்டமும் குறுக்குச்சட்டமும் சேரும் மூலையில் நகம் மாட்டும் அளவுக்குப் படி. நல்ல மெரன்டி அடுப்புக்குப் போகிறது.

ஏன் தொய்கிறது? 16 மில்லி சிப்போர்டு. மேலே மட்டும் மெலமைன், அடியில் ஒன்றுமில்லை. நம் தென்னாப்பிரிக்க டர்பன் கடற்கரைக் காற்றில் அந்த மூடாத அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரியும். விரிந்த பக்கம் வெளியே வளையும், நடு இறங்கும். அதோடு ரவுட்டரின் எடை. இரண்டாயிரம் வாட் வகை ஒன்றே ஐந்தாறு கிலோ. அதை ஏற்றி இறக்கும் லிஃப்டும் சேர்த்தால் பத்தைத் தாண்டும். இதை விற்பவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தும் இரண்டு பக்கமும் ஒட்டாமல் விற்கிறார்களே, அதுதான் ஆத்திரம்!

அந்தப் பலகையைக் கழற்றிப் போடுங்கள். 18 மில்லி பிர்ச் ப்ளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 36 மில்லி. சுபாவுட்டும் (எம்.டி.எஃப். பலகை) ஆகும், ஆனால் அதன் வெட்டிய ஓரங்களை விட்டுவைக்காமல் மூட வேண்டும். ஒட்டும்போது சமமான மேசைமேல் வைத்து ஒட்டுங்கள். வளைந்த மேசைமேல் ஒட்டினால் அந்த வளைவு ஆயுளுக்கும் நிற்கும். லேமினேட் மேலும் கீழும், இரண்டு பக்கமும். நான்கு ஓரமும் கட்டை வைத்து அடைப்பு. அடியில் ரவுட்டர் துளைக்கு இரண்டு பக்கமும், முன்னிருந்து பின்னாக, நன்றாகக் காய்ந்த சலிக்னா (யூகலிப்டஸ் மரம்) சட்டம் ஒவ்வொன்று, 70க்கு 40, குத்துவாட்டில், இழைத்து நேராக்கியது. தொய்வைத் தடுப்பது அந்தச் சட்டங்கள்தான், மேல்பலகை இல்லை.

துளை வெட்டும் முன் பிளேட்டைக் கையில் வைத்து அளந்து பாருங்கள். அமெரிக்க அளவில் வருபவை பெரும்பாலும் 235க்கு 298 மில்லி, 9.5 மில்லி தடிமன். அட்டையில் போட்டிருப்பதை நம்பி வெட்டாதீர்கள். பிளேட்டைப் பலகைமேல் வைத்து, அதைச் சுற்றி நான்கு நேர்ச்சட்டங்களை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, பிளேட்டை எடுத்துவிட்டு, தண்டுப் பக்கம் பேரிங் உள்ள பிட்டால் காடி எடுங்கள். ஆழம் 10 மில்லி, பிளேட்டைவிட அரை மில்லி கூட. சுற்றிலும் 12 மில்லி படி விட்டு உள்ளே அறுத்து எடுங்கள். மூலைக்கு ஒன்று, நீளப் பக்கத்துக்கு ஒன்று என்று ஆறு மட்டத் திருகுகள். அவற்றைத் திருகிப் பிளேட்டைப் பலகையோடு சமமாக்க வேண்டும். வெறும் மரத்தின்மேல் திருகு முனை உட்கார்ந்தால் நாளடைவில் குழி விழும், அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாஷரை எப்பாக்ஸி வைத்துப் பதியுங்கள்.

சாவின் வார்ப்பிரும்பு மேசையோடு பலகையைச் சேர்க்கும் துளைகளை அகலமாக வையுங்கள். எட்டு மில்லி போல்ட்டுக்குப் பத்து மில்லித் துளை, பெரிய வாஷர். அந்த இடைவெளி இருந்தால்தான் மேலும் கீழும் தட்டி மட்டம் பிடிக்க முடியும். தூரத்து முனைக்குக் கால் கட்டாயம், திருகு அடி உள்ள கால். துளை வெட்டுமுன் இன்னொன்றும் பாருங்கள்: அறுக்கும் பிளேடைச் சாய்க்கும்போது சாவின் மோட்டார் எந்தப் பக்கம் நகர்கிறது, மோட்டார் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? ரவுட்டரைத் தொங்கவிட்ட பிறகு கதவு பாதியில் இடித்து நிற்கும் மெஷின்கள் உண்டு.

விற்பவர் ஒருவரும் சொல்லாத ஆபத்து இது. மரத்தை ஒட்டித் தள்ளும் நேர்த்தடுப்பான சாவின் ஃபென்ஸை அப்படியே பயன்படுத்தலாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். சரி, பயன்படுத்தலாம், பிட்டுக்கு இடம் வெட்டிய சுபாவுட் பலகை ஒன்றை அதில் போல்ட் போட்டு. ஃபென்ஸ் பிளேடுக்கும் பிட்டுக்கும் நடுவில் நின்றால் மரத்தைப் பின்னாலிருந்து முன்னால் தள்ள வேண்டும். சாவில் வருஷக்கணக்காகப் பழகிய கை முன்னாலிருந்து பின்னால்தான் தள்ளும். அப்படித் தள்ளினால் பிட் சுற்றும் திசையிலேயே மரம் போகிறது, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்கும், விரல் பின்னாலேயே போகும். மேசையின் வலது முனையில் பிளேடைப் பார்த்து நின்று, வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் மரத்தை ஒருபோதும் நுழைக்காதீர்கள். இந்த இரண்டு வரியைப் பெட்டிக்குள் ஒரு தாளில் போட என்ன கேடு?

பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டும் அப்படித்தான். 6 மில்லித் தண்டை 6.35 காலெட்டில் இறுக்கினால் இறுகிய மாதிரிதான் தெரியும். வெட்டும்போது பிட் மெல்ல மேலே ஏறும். 12 மில்லியும் 12.7உம் கூட அதே கதை. தண்டை அடி வரை நுழைத்துவிட்டு, மூன்று மில்லி மேலே இழுத்து இறுக்குங்கள். 80 மில்லிப் பெரிய பிட்டை 24,000 சுற்றில் ஓட்டச் சொல்லும் ஆளிடம் பேசாதீர்கள், 10,000க்குக் குறையுங்கள்.

சுவிட்ச், கரண்ட் போனால் தானாக விடுபடும் வகையாக இருக்கட்டும். ரவுட்டர் சுவிட்சைப் பூட்டிவிட்டுச் சாதாரண பிளக்கில் விடுகிறார்கள். திடீரென்று போன கரண்ட் பிறகு திரும்பும்போது, பிட்டுக்குப் பக்கத்தில் யார் கை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் அந்தப் பிளக்! சுவரில் இருப்பது நம் பெரிய மூன்று உருண்டை முள் சாக்கெட். பெட்டியில் வருவது இரண்டு முள் ஐரோப்பியப் பிளக். நடுவில் ஒரு ஆடுகிற அடாப்டர். இரண்டாயிரம் வாட் ரவுட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு அந்த அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள், கொதிக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. அறுத்தெறிந்து நம்ம ஊர் பிளக்கைப் போட்டால், வயரை வெட்டியதால் வாரண்டி இல்லை என்கிறான் விற்றவன்!